யூரியா போட்ட மறுநாளே மழை: இன்னொரு மூட்டை போடலாமா?

வெண்ணாற்றுக்காரன்: மன்னார்குடி பக்கம், சம்பா, சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம். நட்டு 28 நாள். போன வாரம் ஏக்கருக்கு ஒரு மூட்டை, 45 கிலோ யூரியா வீசினேன். மறுநாள் ராத்திரி மழையில் வரப்பே தெரியவில்லை. வடிய இரண்டு நாள் ஆனது. இப்போது பயிர் வெளுத்து நிற்கிறது. வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, கரையாது என்று நினைத்தேன். இன்னொரு மூட்டை போட்டுவிடலாமா?

சேடை: பொறுங்க. வெளுப்பு அடி இலையிலா, குருத்திலா? வீசும்போது வயலில் எவ்வளவு தண்ணீர்?

வெண்ணாற்றுக்காரன்: அடி இலைதான். கணுக்கால் தண்ணீர், உச்சிவெயில். ஆள் கிடைத்த நேரம் அதுதான்.

சேடை: அப்படியானால் தழைச்சத்துக் குறைதான். வேப்பெண்ணெய் யூரியா கரைவதைத் தடுக்காது. அதிலிருந்து வரும் அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்தும். தேங்கிய தண்ணீரில் வீசினால் சத்து மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். பகலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுக்கும், காரத்தன்மை ஏறும், அம்மோனியாவாக ஆவியாகிவிடும். மிச்சம் பக்கத்து வயலுக்குப் போயிருக்கும். அவர் பயிர் எப்படி இருக்கிறது?

மடைக்காரர்: முழு மூட்டை வேண்டாம் தம்பி. தழைச்சத்து ஒரேயடியாக ஏறினால் இலைச்சுருட்டுப்புழுவும் புகையானும் வந்துவிடும். முதலில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால் தண்ணீரை நன்றாக வடியுங்கள். ஆனால் மண் வெடிக்க விடாதீர்கள். காய்ந்த மண்ணில் நைட்ரேட் சேரும், மறுபடி தண்ணீர் கட்டினால் அது வாயுவாகப் பறந்துவிடும்.

அப்புறம் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, சேறு தெரிகிற அளவு தண்ணீரில் வீசுங்கள். அடுத்த மேலுரத்துக்கு, இலையின் பச்சையை ஒப்பிடும் இலை வண்ண அட்டை பாருங்கள்: காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாமல் உங்கள் நிழலில், பத்து இலை. ஆறு இலையாவது அட்டையில் 4ஆம் எண்ணுக்குக் கீழே வந்தால்தான் உரம்.

களத்துமேடு: அட்டை பார்ப்பதற்குள் மழை முந்திக்கொண்டால்?

மடைக்காரர்: அதனால்தான் வானிலை அறிக்கையையும் பார்க்கச் சொல்கிறேன். நாள் எண்ணி உரம் போடுவது இப்போது பெய்கிற மழைக்குச் சரிப்படாது. இரண்டு நாள் பிந்தினால் பயிர் சாகாது.

வெண்ணாற்றுக்காரன்: பார்த்துவிட்டேன், வேர் வெள்ளையாக இருக்கிறது, நாற்றமும் இல்லை. மழை விட்டதும் கலவை போடுகிறேன். பக்கத்து வயலைக் கேட்டீர்களே, கரும்பச்சை!