மைவிக்குப் பெர்ஃபார்மன்ஸ் டயர் தேவையா?

மழை ஈரத்தில் வளைவு எடுக்கும்போது என் காரின் முன்சக்கரங்கள் பிடி விட்டு வெளிப்பக்கம் இழுக்கின்றன. நான்கு டயரையும் மாற்றியாக வேண்டும். எந்த வகை என்பதில்தான் சிக்கியிருக்கிறேன்.

கார் 2019 பெரோடுவா மைவி 1.5 (மலேசியச் சிறிய கார்), டயர் அளவு 185/55 ஆர்15. இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெஸ்தாரி ஜெயா). தினமும் கோலசிலாங்கூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தோட்டத்து முச்சந்தியில் செம்மண்ணை அப்பிவிட்டுப் போகின்றன. மாலை மழை விழுந்தால் தார்ச்சாலை வெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடுகிறது. வழுக்கல் இந்த மழைக்காலத்தில்தான் மோசமானது.

காற்றழுத்தத்தைக் கதவோரம் ஒட்டியுள்ள அளவுக்குச் சரிசெய்தேன். அலைன்மெண்ட், பாலன்சிங் செய்தாயிற்று. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியும் பலன் இல்லை. பள்ளத்திலுள்ள தேய்மான மேடு மேற்பரப்பைத் தொடப் போகிறது, அதாவது 1.6 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்.

கடைக்காரர் பெர்ஃபார்மன்ஸ் டயரைத்தான் (வேகத்துக்கும் பிடிப்புக்கும் மென்மையான ரப்பரில் செய்தது) போடச் சொல்கிறார். வேகக் குறியீடு டபிள்யூ: மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும். குழிக்குப் பயந்து 40இல் ஊரும் எனக்கு அது எதற்கு? ஆனால் அந்த மென்மையான ரப்பரின் ஈரப்பிடிப்பு ஆசை காட்டுகிறது. அதே டயரின் டிரெட்வேர் எண் (எண் கூடினால் மெதுவாகத் தேயும்) 240, பக்கத்தில் இருந்த சாதாரண டூரிங் டயரில் 400. சீக்கிரம் தேயும், விலையும் கூடுதல்.

தோட்டச் சாலையில் இரண்டு வகையையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: மழைப் பிடிப்புக்காக மட்டும் பெர்ஃபார்மன்ஸ் டயருக்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா?