யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழைய ஆனையிறவு ஒன்றுதான் வழியா?

கேள்வி (வழிப்போக்கன்): வணக்கம். அடுத்த மாதம் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வாகனத்தில் செல்லவும், மறுநாள் நெடுந்தீவைப் பார்த்து வரவும் எண்ணியுள்ளோம். சங்குப்பிட்டியில் பாதை (வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை) வரும்வரை காத்துக் கிடக்க நேரும், ஆகவே பரந்தனுக்குத் திரும்பி ஆனையிறவு வழியாகவே செல்லுங்கள் என்கிறார் பெரியப்பா. இன்றும் நிலை அதுதானா?

பதில் (தென்மராட்சியான்): பெரியப்பா சொல்வது பழைய நிலை. சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. விடத்தல்தீவு, முழங்காவில், பூநகரி என்று ஏ-32 வீதியிலேயே வந்து, கடனீரேரியைக் கடந்து, நாவற்குழியில் ஏ-9 வீதியில் ஏறிவிடலாம். பாலத்தில் சற்று மெதுவாகச் செல்லுங்கள். இருபுறமும் ஆழமற்ற நீரில் மீன்பிடிக்கும் சிறகுவலைக்கு நட்ட தடிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஆனையிறவின் உப்பளங்களைப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் பரந்தன் பக்கம் சுற்றுங்கள்.

பதில் (வல்லைவெளி): மேலே சொன்னது சரி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் என்று குடாநாட்டைச் சொன்னாலும், அதன் வீதிகளைத் தீர்மானிப்பது நீர்தான். உப்பாறு வலிகாமத்தையும் தென்மராட்சியையும் பிரிக்க, தொண்டைமானாற்றுக் கடனீரேரி வடமராட்சியை ஒதுக்கி வைக்கிறது. இதனால் நாவற்குழிப் பாலம், கோப்பாய்–கைதடி வீதி, வல்லைப் பாலம் ஆகிய சில இடங்களில்தான் ஒரு பகுதியிலிருந்து மற்றதற்குக் கடக்க முடிகிறது. ஆனையிறவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உள்ளூர்க்காரர் நாள்தோறும் கடப்பது இவற்றைத்தான்.

கேள்வி (வழிப்போக்கன்): மிக்க நன்றி. நெடுந்தீவுக்கு வாகனத்தைக் கொண்டு செல்ல இயலுமா?

பதில் (தென்மராட்சியான்): வாகனத்தைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் படகேறுங்கள். பண்ணைத் தாம்போதியால் (நீரின் குறுக்கே மேடாக்கிப் போட்ட வீதி) வேலணைக்கும், அங்கிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்கும் சென்றால் இறங்குதுறை வந்துவிடும். அதன்பின் நெடுந்தீவுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வாகனத்தோடு நீரைக் கடக்கும் அனுபவம் வேண்டுமென்றால், திரும்பும்போது ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குச் செல்லும் பாதையில் ஏறுங்கள். பெரியப்பா சொன்ன சங்குப்பிட்டிப் பாதை எப்படி இருந்திருக்கும் என்பது அந்தத் தட்டையான மேடையில் சைக்கிள்களுக்கு நடுவே நிற்கும்போது புரியும். சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் காலமாக இருந்தால் நெடுந்தீவுக்குக் காலைப் படகிலேயே போய்விடுங்கள்; பிற்பகலில் அலை பலக்கும்.