நோயாளிப் பாதுகாப்பு: எதை முதலில் ஆராய வேண்டும்? சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். சிகிச்சையில் நேரும் தவறுகளைக் குறைக்க எந்த ஆராய்ச்சிகள் முதலில் நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி (James Lind Alliance) என்ற அமைப்பு 2004 முதல் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, விடை தெரியாத கேள்விகளில் முக்கியமான 10-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் மட்டும் முடிவு செய்தால், வீட்டில் அம்மாவுக்கு இன்சுலின் போடும் மகளுக்குத் தெரிந்தது விட்டுப்போகும். எனக்கு அதுதான் கவலை.

நம் தீவில் சர்க்கரை நோய் அதிகம். அரசு மருத்துவமனை மருந்தையும் தனியார் கிளினிக் மருந்தையும் ஒருவரே சாப்பிடும்போது, இரண்டையும் யார் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்? வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வது வயதானவர்களுக்குப் புரிகிறதா? என் மனதில் முதலில் நிற்பவை இவை.

உங்களுடையவை வேறாக இருக்கலாம். எதுவானாலும் ஒரு கேள்வியாக எழுதுங்கள். மருத்துவமனையின் பெயரோ ஆளின் பெயரோ வேண்டாம். அப்புறம், ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கம் நர்ஸாக இருக்கும் அக்கா, அண்ணன்மார் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.