பிரதமர் நிவாரண நிதிக்கு மருத்துவச் சான்று: யார் கையெழுத்து செல்லும்?

வணக்கம். அக்கா வீட்டுக்காரருக்கு (வயது 43) மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. வாரம் மூன்று டயாலிசிஸ் ஓடுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,80,000. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு ரூ.1,20,000 என்பதால் அதில் சேர முடியவில்லை. அதனால் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கிறோம். மருத்துவமனை அந்த நிதியின் பட்டியலில் இருக்கிறது.

இ-சேவையில் எடுத்த வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படங்கள் எல்லாம் தயார். நிற்பது மருத்துவச் சான்று மட்டும்தான். நோயின் பெயரும் உத்தேசச் செலவும் ஒரே அசல் சான்றில் வேண்டும். பில்லிங்கில் தருவது கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு தொகைத் தாள்: கீழே கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, நோயின் பெயரும் இல்லை. சிறுநீரக மருத்துவர் நோயை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார், தொகை எழுத மாட்டேன் என்கிறார். இரண்டையும் சேர்த்து நாங்களே தட்டச்சு செய்து கொடுத்த வரைவையும் வாங்கவில்லை. நோயாளி புகைப்படத்தில் மருத்துவர் சான்றொப்பம் மட்டும் கிடைத்துவிட்டது.

முன்பே கட்டிய செலவுக்கு இந்த நிதியில் பணம் வராது என்பதால் அறுவைக்கு முன்பே மனு போயாக வேண்டும்.

சிகிச்சை தரும் மருத்துவருக்குப் பதில் மருத்துவக் கண்காணிப்பாளர் பதிவு எண், முத்திரையோடு கையெழுத்திட்ட சான்றை வைத்து யாருக்காவது இந்த நிதி கிடைத்திருக்கிறதா?