இன்னும் நாக்கில் நிற்கும் ஒரு ஸ்டவுட்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைநாட்டான், ஹட்டன்

நம்ம இலங்கை லயன் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பியர், எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. ஆல்கஹால் 8.8 சதவீதம், கருங்காப்பி நிறம், கடைசி மடக்குல சாக்லேட். நேரா நடந்ததுக்கு வர்றேன்.

போன ஆகஸ்ட், நுவரெலியா. மச்சான் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல இருக்கும். லயன் காய்ச்சின பழைய புரூவரி (பியர் ஆலை) டவுன்லயே இருந்த காலத்துல அங்க மூட்டை இறக்கினவர். லவர்ஸ் லீப் அருவித் தண்ணியில காய்ச்சின காலம், கொழும்புப் பக்கம் பியகமவுக்கு ஆலையைக் கொண்டுபோறதுக்கு முந்தி. மழை விடவே இல்ல. மச்சான் அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, நான் கொண்டுபோன போத்தலை உடைச்சான். ஃபிரிட்ஜ்ல இருந்தது இல்ல, சாமான் அலுமாரியில ரெண்டு நாள் கிடந்தது. பழுப்பு நுரை ஒரு விரல் உசரத்துக்கு நின்னுச்சு.

பெரியவர் கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சார், சுடு தேத்தண்ணியைப் பிடிக்கிற மாதிரி. மூக்குக்கிட்ட கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ரொம்ப நேரம். நாங்க பேச்சை நிறுத்திட்டோம். அப்புறம் கிளாஸைக் கீழ வச்சுட்டு, "மழ கொறஞ்சிருச்சு தம்பி"ன்னு சொல்லி எழுந்து போயிட்டார். ஒரு வாய்கூடக் குடிக்கல. மழை குறையவும் இல்ல.

அந்தக் கிளாஸை அப்புறம் நான்தான் குடிச்சேன். நூறு தடவை குடிச்ச சாமான்தான், ஆனா அன்னைக்கு ஒவ்வொரு மடக்கிலயும் இதுல என்னத்த மோந்து பார்த்தாருன்னு தேடிக்கிட்டே இருந்தேன். இப்பவும் தேடுறேன். உங்களுக்கும் இப்படி ஒன்னு இருந்தா எழுதுங்க.

கிள்ளான் மைந்தன்

எங்க பாட்டி கின்னஸ்னு சொன்னதே கிடையாது. கறுப்பு நாய்தான். சீனன் கடையில சீனங்களும் "ஹாக் காவ்"னுதான் கேப்பாங்க, அதே அர்த்தம். அந்தக் காலத்துல போத்தல்ல அடைச்சு அனுப்பின லண்டன் வியாபாரி ஒட்டின நாய்த்தலை லேபிளால வந்த பேரு. 1960கள் நடுவுல மலேசியாவுல, சுங்கைவேயில ஆலை திறந்து இங்கேயே காய்ச்ச ஆரம்பிச்சப்புறமும் பேரு போகல. தோட்டத்துல பிள்ளை பெத்தவங்களுக்கு அதுல பச்சை முட்டை அடிச்சுக் குடுப்பாங்க. அம்மாவுக்கும் குடுத்தாங்க, நாங்க நாலு பிள்ளைக்கும்.

விஷயம் என்னன்னா, அப்பாவை ஒரு தடவை டப்ளின் கூட்டிட்டுப் போனேன். அவருக்கு அப்ப 71 வயசு. வாழ்க்கை பூராவும் குடிச்ச சாமான் பொறந்த ஊரு, பார்க்கணும்னு ஆசை. பப்புல உட்கார்ந்து பைண்ட் வந்துச்சு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கிற பெரிய கிளாஸ். நுரை வெண்ணெய் மாதிரி, பார்க்கவே அழகு. அப்பா ஒரு மடக்கு குடிச்சிட்டு என்னைப் பார்த்தாரு. "இது தண்ணிடா." நியாயம்தான். குழாய்ல ஊத்துற டிராஃப்ட் 4.2 சதவீதம், நம்ம ஊர்ல பழகினது ஃபாரின் எக்ஸ்ட்ரா, வலு கூடின கின்னஸ். கவுண்டர்ல இருந்தவருகிட்ட சொன்னேன். சிரிச்சிட்டு உள்ளே போயி 7.5 சதவீதப் போத்தல் ஒன்னு எடுத்துட்டு வந்தாரு, ஃபிரிட்ஜ்ல வைக்காதது.

அப்பா பாதி குடிச்சாரு. கிளாஸைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. அப்புறம் மெதுவா, "ஒரு முட்டை கேளு"ன்னாரு.

நான் கேக்கல. அந்த ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்களோன்னு கூச்சம். "இங்கல்லாம் தர மாட்டாங்கப்பா"ன்னு சொல்லிட்டேன். அவரும் விட்டுட்டாரு. அம்மா போயி அப்ப ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம் அப்பாவும் போயிட்டாரு. ஒரு முட்டை. கேட்டிருக்கலாம்.

மால்ட் மூர்த்தி, பெங்களூரு

இரண்டு பதிவையும் படித்தேன். ஒன்றைக் கவனித்தீர்களா? அலமாரியில் இருந்த போத்தல், ஃபிரிட்ஜில் வைக்காத போத்தல். இரண்டு இடத்திலும் ஸ்டவுட் பேசியதற்கு அதுதான் காரணம் என்பேன். ஆனால் ஹட்டன் நண்பரைப் பார்த்து நம் சமவெளி ஆட்கள் யாரும் அலமாரியில் வைத்துக் குடித்துவிட வேண்டாம். சென்னையில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் 8.8 சதவீத ஸ்டவுட்டை ஊற்றினால் முதலில் ஏறுவது சாராய நெடிதான்.

வலுவான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். நம் வெயிலில் இருபது நிமிடமே போதும். பனிக்கட்டிபோல் குளிர்ந்தால் மணம் எழும்பாது, இனிப்பும் அடங்கிவிடும். மிஞ்சுவது கருக்கிய பார்லியின் கசப்பு மட்டும். 'ஸ்டவுட் வெறும் கசப்பு' என்று முகம் சுளிப்பவர்களில் பாதிப்பேர் அதைக் குளிரில் குடித்தவர்கள்தான். அடுத்தது கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரை செத்துவிடும். சாம்பார் கிண்ணம் தேய்த்த பஞ்சால் பியர் கிளாஸைத் தொடாதீர்கள். வாய் குறுகின கிளாஸில் பாதிக்குமேல் ஊற்றவும் வேண்டாம், மணம் தங்க இடம் வேண்டும்.

டப்ளின் பைண்ட்டைத் தண்ணி என்றதில் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு பண்டம். 1959-ல் கின்னஸ்காரர்கள் நைட்ரஜனைப் புகுத்தி ஊற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். நைட்ரஜன் பியரில் சரியாகக் கரையாது. குமிழி பொடிப்பொடியாக இருக்கும். அதனால்தான் வெண்ணெய்போல் வழுவழுப்பு, நாக்கில் சுருக்கென்ற கடி இல்லை. லயனிலும் ஃபாரின் எக்ஸ்ட்ராவிலும் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. கீழே அடர்த்தி இருப்பதால் அந்தக் கடியை அவை தாங்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

என் கதை சின்னது. இந்திராநகர் டோயிட் பப்பில் முதல் முறை அவர்களுடைய டார்க் நைட் ஸ்டவுட் குடித்த அன்று, பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவரிடம் தமிழில் சொன்னார்: "நம்ம வீட்ல கும்முட்டி அடுப்புல காப்பிக்கொட்டை வறுப்பமே, தீய விட்டுட்டா ஒரு வாசனை வருமே." நான் வருடக்கணக்காக வீட்டில் ஸ்டவுட் காய்ச்சுகிறேன். வறுத்த பார்லியை அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெள்ளவத்தை வாசுகி

2018 தை. நிதியமைச்சர் மங்கள சமரவீர பெண்கள் மதுபானம் வாங்கக் கூடாது எண்ட பழைய தடையை எடுத்தவர். நாலைஞ்சு நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் போடச் சொன்னவர், அதுவும் தைப்பொங்கல் அண்டைக்கு. அந்த இடைவெளியிலதான் நான் போனனான்.

சுப்பர்மாக்கெட்டில முந்தியும் ஒருத்தரும் தடுக்கேல்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்கட ஒழுங்கை முடக்கில இருக்கிற கடை, கம்பி வலைக்குப் பின்னால நிண்டு குடுப்பினமே, அங்க நான் ஒரு நாளும் போனதில்லை. சட்டம் மாறின உடன அங்கதான் போகவேணும் எண்டு நினைச்சன். சனிக்கிழமை பின்னேரம். பொங்கலுக்குக் கரும்பு விக்கிறவை றோட்டு முழுக்க. வரிசையில ஏழெட்டு ஆம்பிளையள், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. வழி விட்டவை. அது கூடுதலாக் கூசிச்சுது.

"லயன் ஸ்டவுட், பெரிய போத்தல் ஒண்டு." கடைக்காரர் நல்ல மனிசன்தான். எடுத்துப் பேப்பரில சுத்திக்கொண்டே கேட்டார்: "ஐயாவுக்கோ?"

நான் "ஓம்" எண்டன்.

வீட்டை வந்து, மொட்டை மாடியில இருந்து, ஒரு சொட்டு விடாமல் நானே குடிச்சன். நல்ல பதம், கித்துள் பனைப் பாணி மாதிரி ஒரு அடி இனிப்பு. ஆனா அந்த "ஓம்" ஏன் என்ர வாயில வந்தது? சட்டமே என்ர பக்கம் நிண்ட நாலு நாள். அதில ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சு.

மூர்த்தி, நீங்கள் சொன்ன பத்து டிகிரி எல்லாம் சரி. அண்டைக்கு எத்தினை டிகிரி எண்டு எனக்குத் தெரியாது.

பினாங்கு தாதி

கிள்ளான் தம்பிக்கு முதல்ல ஒன்னு சொல்றேன்: அந்த முட்டை விஷயத்தை மனசுல வச்சு வருத்திக்காதீங்க. அப்பா கேட்டது முட்டையை மட்டும் இல்ல.

ஆனா இதைப் படிக்கிற இளம் பொண்ணுங்க யாராவது இருப்பாங்க, அதனால சொல்லியே ஆகணும். பிரசவ வார்டுல 26 வருஷம் வேலை பார்த்தவ நான். ஸ்டவுட் குடிச்சா ரத்தம் ஊறும், பால் சுரக்கும்னு மாமியார் கொண்டுவந்த போத்தலை எத்தனை தடவை மேசையிலருந்து எடுத்து வச்சிருப்பேன்! ஒரு பைண்ட்ல இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. கறுப்பா இருக்கிறதால இரும்புன்னு நினைச்சிட்டாங்க, அது வறுத்த நிறம். பார்லியில உள்ள ஒரு சத்து பால் சுரப்புக்கான புரோலாக்டினைக் கொஞ்சம் தூண்டலாம். ஆனா ஆல்கஹால் ஆக்சிடோசினை அடக்கும். பால் இறங்கி வர்றது அதாலதான். அதனால குடிச்ச கொஞ்ச நேரத்துக்குப் பிள்ளைக்குக் கிடைக்கிற பால் குறையத்தான் செய்யும். அம்மா ரத்தத்துல எவ்வளவு ஏறுதோ அதே அளவு பாலுக்கும் போகும். பச்சை முட்டையில சால்மொனெல்லா கிருமிப் பயம் வேற. "கின்னஸ் உடம்புக்கு நல்லது"ங்கிற விளம்பரம் 1929-ல வந்தது. விளம்பரம் நின்னுபோச்சு, நம்ம சனங்க நம்பிக்கை நிக்கல. பால் வேணும்னா பிள்ளையை அடிக்கடி மார்ல போடுங்க, தண்ணி குடிங்க, பத்தியச் சாப்பாடு வயிறு நிறையச் சாப்பிடுங்க.

எனக்கும் ஒரு சம்பவம் உண்டு. மூணாவது பிரசவம், தோட்டத்துப் பொண்ணு. போத்தலை எடுத்து வச்சேன். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு, "அக்கா, குடிக்க மாட்டேன், பக்கத்துலயே இருக்கட்டும், எங்க மாமியார் ஆறு வெள்ளி குடுத்து வாங்கினது"ன்னுச்சு. வச்சிட்டேன். மருந்தா நினைச்சுக் குடுத்த ஒருத்தங்களோட பாசத்தை நான் அத்தனை வருஷமாக் குப்பையில போட்டிருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

ஈஸ்ட்ஹாம் ரவி

நான் இருக்கிறது லண்டனில, ஸ்டவுட் பிறந்த ஊரில. போர்ட்டர் எண்டது அந்தக் காலத்துக் கரும்பழுப்பு பியர். 'ஸ்டவுட் போர்ட்டர்' எண்டால் வலுவான போர்ட்டர், அவ்வளவுதான். 1817-இல டேனியல் வீலர் எண்டவர் மால்ட்டைக் கருக வறுக்கிற உருளைக்குக் காப்புரிமை எடுத்தவர். அதுக்குப் பிறகுதான் இந்தக் கறுப்பு.

போன மார்கழி நண்பர் வீட்டில கண்ணைக் கட்டாத குறையாக ஒரு சோதனை. லேபிளை மறைச்சு ஐஞ்சு கிளாஸ்: லயன், ஜமைக்கா டிராகன், நைஜீரியா கின்னஸ், சிங்கப்பூர் ஏபிசி, இங்கத்தையான் இம்பீரியல், அதாவது இன்னும் வலுவான ஸ்டவுட் ஒண்டு. நைஜீரியாவை எல்லாரும் பிடிச்சிட்டினம். 1980களில அங்க பார்லி இறக்குமதியைத் தடுத்ததால சோளம் சேர்க்கத் தொடங்கினவை, அந்தப் புளிப்புக் கலந்த காய்ஞ்ச ருசி தனி. ஏபிசி 8 சதவீதம் எண்டாலும் மெல்லிசு, அதையும் கண்டுபிடிச்சாச்சு.

மூண்டாவது கிளாஸை ஒரு வாய் குடிச்ச உடன எனக்கு வவுனியா ஸ்டேஷனடி, சித்தப்பா, ட்ரான்சிஸ்டர் எல்லாம் வந்திட்டுது. "இது எங்கட" எண்டு எழுந்து நிண்டு சொன்னன். கதையும் சொன்னன், பத்து நிமிஷம். எல்லாரும் மரியாதையாகக் கேட்டவை.

அது டிராகன். லயன் ஐஞ்சாவது கிளாஸ். அதுக்கு நான் 'வெளிநாட்டுச் சாமான், நல்லா இருக்கு' எண்டு எழுதி வைச்சிருந்தனான். 28 வருஷம் ஊரை விட்டு. நாக்குக்கு உண்மையிலேயே ஞாபகம் இருக்குதோ, இல்லாட்டி நாங்கள்தான் அதுக்குச் சொல்லிக் குடுக்கிறமோ?

கிள்ளான் மைந்தன்

பினாங்கு அக்கா, நீங்க சொன்னது எல்லாம் சரி. அம்மாவுக்குக் குடுத்தது தப்புன்னே வச்சுக்குவோம். நன்றி அக்கா.

மூர்த்தி சார், அப்பா தண்ணின்னு சொன்னது நைட்ரஜனைப் பத்தி இல்ல. விட்டுருங்க.

மலைநாட்டான், ஹட்டன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். மூர்த்தி அண்ணே, நுவரெலியாவுல ஆகஸ்ட் மழையில வீட்டுக்குள்ள 15 டிகிரி இருந்தா அதிகம். எங்க அலுமாரிதான் உங்க அரைமணி நேரம் வெளிய வச்ச ஃபிரிட்ஜ் போத்தல்.

ரவி அண்ணன் எழுதினதைப் படிச்சதும் ஒன்னு தோணுச்சு. பெரியவர் குடிச்சிருந்தா, அவருக்கு ஞாபகம் இருக்கிற ருசி அதுதானா இல்லையான்னு தெரிஞ்சுபோயிருக்கும். மோந்து பார்த்ததோட நிறுத்திட்டாரு. அதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. மச்சான்கிட்ட ஃபோன்ல கேட்டேன், பெரியவர் சுகமா இருக்காராம், காலையில வெயில்ல உட்கார்றாராம்.

ஏப்ரல்ல மறுபடி போறேன். போயா, அதாவது பௌர்ணமி, பாத்துத்தான் போகணும், அன்னைக்குக் கடை பூட்டு. இந்தத் தடவை போத்தலை உடைக்கப் போறதில்ல. எத்தனை வருஷம் வேலை செஞ்சீங்க, மூட்டையில என்ன இருந்துச்சுன்னு முதல்ல கேக்கணும். சிங்கப்பூர்லருந்து யாராவது அந்தச் சமயம் வந்தா ஏபிசி ரெண்டு கேன் கொண்டாங்க, காசு குடுத்துர்றேன். வாசுகி அக்கா, அந்தக் கடை இப்பவும் இருக்கா?