லண்டனில் பாரிஸ்டர் தேடுகிற நம்மூர்க்காரர்களுக்கு

ஒரு மாத விடுமுறையில் கடலூர் வந்திருக்கிறேன். நிலத் தகராறு ஒன்றுக்காக அப்பாவோடு நேற்று மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வக்கீல் வந்திருக்கவில்லை, குமாஸ்தா அண்ணன்தான் இருந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார், அடுத்த வாய்தா தேதியைச் சொன்னார், ஃபீஸையும் அவரே சொன்னார். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே லண்டனிலிருந்து போன். நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவர், போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணே, விசாவை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. நல்ல பாரிஸ்டர் யாராவது தெரியுமா?" என்றார். இந்த வருஷம் இப்படி வருகிற நாலாவது போன் இது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில், பாரிஸ்டர் என்றால் பெரிய வக்கீல் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். காந்தி பாரிஸ்டர், பாரிஸ்டர் படிக்க லண்டன் போன வ.வே.சு. ஐயர் 1910இல் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார் என்றெல்லாம் கேட்டு வளர்ந்ததால் அந்தச் சொல்லுக்கு நம் மனதில் ஒரு தனி உயரம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் அது வேறு வேலை, அவ்வளவுதான். நம் ஊரில் மனு எழுதுவதும் வாதாடுவதும் ஒரே வக்கீல். அங்கே கடிதப் போக்குவரத்து, ஃபைல், எதிர்த்தரப்போடு பேச்சு எல்லாம் சொலிசிட்டர் பார்ப்பார். கோர்ட்டில் வாதாடுவதும், சட்டம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் கருத்துக் கொடுப்பதும் பாரிஸ்டர். வழக்கமாக நாம் சொலிசிட்டரிடம் போவோம், தேவைப்பட்டால் அவர் பாரிஸ்டரைப் பிடிப்பார். 2004 முதல் பப்ளிக் ஆக்சஸ் என்ற முறையில் நாமே நேராகப் பாரிஸ்டரிடம் போகலாம். அந்த அனுமதி பெற்றவர்களிடம் மட்டும். (இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்தில் பாரிஸ்டர் கிடையாது, அட்வகேட் என்பார்கள்.)

என் கதையைச் சொன்னால் மற்றது தானாகப் புரியும். 2018இல் நான் லண்டனில் இருந்தேன், என்னிடம் வந்து சேர என் மனைவி கேட்ட விசா மறுக்கப்பட்டது. கடிதம் வந்தது இங்கே கடலூர் திருப்பாப்புலியூரில் அவள் வீட்டுக்கு. பே-ஸ்லிப் முழுதாக இல்லை என்று காரணம். பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர் அப்பீல் செய்ய 28 நாள். உள்ளே இருந்தால் 14 நாள்தான். தெரிந்தவர் ஒருவர் தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவில் ஒரு ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். தமிழில் அன்பாகப் பேசினார்கள், டீ கொடுத்தார்கள். 600 பவுண்டு ரொக்கம், ரசீது இல்லை. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "பாத்துக்கலாம் தம்பி". அப்படியே 19 நாள் போய்விட்டது. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அந்த ஆபீஸ்காரர் பெயரைப் பதிவேட்டில் தேடினேன். எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: குடியேற்ற விஷயத்தில் தகுதியோ பதிவோ இல்லாதவர் ஆலோசனையைத் தொழிலாகச் செய்வது அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒன்று சொலிசிட்டராகவோ பாரிஸ்டராகவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிந்திருக்க வேண்டும் (2025 ஜனவரிக்கு முன் அதன் பெயர் ஓஐஎஸ்சி). பாரிஸ்டரா என்று பார்க்க, அவர்களைக் கண்காணிக்கிற பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேடு இருக்கிறது. இலவசம், பெயரை அடித்தால் போதும். இப்போது தொழில் செய்ய உரிமம் இருக்கிறதா, பப்ளிக் ஆக்சஸ் எடுக்கலாமா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா எல்லாம் வரும். சொலிசிட்டருக்கு, அவர்களைக் கண்காணிக்கிற எஸ்ஆர்ஏ அமைப்பின் பதிவேடு. இரண்டு நிமிஷ வேலை. நான் அதை முதல் நாளே செய்யவில்லை.

மீதி ஒன்பது நாள். பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்துகிற அலுவலகத்துக்குச் சேம்பர்ஸ் என்று பெயர். போன் போட்டால் பாரிஸ்டர் எடுக்க மாட்டார், கிளார்க் எடுப்பார். யாருக்கு எந்த வேலை வரும், எந்தத் தேதி காலி, ஃபீஸ் எவ்வளவு என்று பேசுகிறவர் அவர்தான். மஞ்சக்குப்பத்துக் குமாஸ்தா அண்ணனைப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள், பயம் போய்விடும். முதல் சேம்பர்ஸில் கிளார்க், "எங்களிடம் இருப்பவர்கள் கிரிமினல் வழக்கு பார்ப்பவர்கள், உங்களுக்குச் சரிப்படாது" என்று நேராகச் சொல்லிவிட்டு, குடியேற்ற வழக்கு பார்க்கிற இரண்டு இடங்களைச் சொன்னார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். இது என் வேலை இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்களை நம்பலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பாரிஸ்டர் அம்மா ஒரு மணி நேரம் கொடுத்தார். முந்தின ராத்திரி நானும் மனைவியும் போனிலேயே உட்கார்ந்து, நடந்ததைத் தேதிவாரியாக ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தோம். "பிப்ரவரி 6: விண்ணப்பம் போட்டோம். மார்ச் 2: பே-ஸ்லிப் கேட்டு மெயில் வந்தது. மார்ச் 5: அனுப்பினோம்." இப்படி. மற்ற காகிதங்களை அவர் ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் முதலில் படித்தார். மார்ச் 5 வரியில் விரலை வைத்து, "போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா?" என்றார். மனைவியின் போனில் பதில் மெயில் இருந்தது. கிடைத்தது என்று விசா ஆபீஸ்காரர்களே எழுதியிருந்தார்கள். அந்தப் பழைய இடத்தில் 19 நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி இது. அப்பீல் காரணங்களை அவர் எழுதிக்கொடுத்தார், மனைவி பெயரில் நாங்களே தாக்கல் செய்தோம். விசாரணை வரை போகவே இல்லை, முன்னாலேயே முடிவை மாற்றிக்கொண்டு விசா கொடுத்துவிட்டார்கள்.

'நாங்களே தாக்கல் செய்தோம்' என்றேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். நேராகப் பாரிஸ்டரிடம் போனால் காகிதம் தாக்கல் செய்வது, கெடு பார்ப்பது பெரும்பாலும் நம் தலையில்தான். அந்த வேலையையும் செய்யத் தனி அனுமதி வாங்கிய பாரிஸ்டர்கள் சிலர்தான். இங்கிலீஷில் படிவம் நிரப்பத் தடுமாறுவோம், வேலை ஷிஃப்டில் நேரம் இல்லை என்றால் சொலிசிட்டரிடமே போங்கள். செலவு கூடும், ஆனால் கெடு தவறாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதை வெட்கப்படாமல் கேளுங்கள். இதே மாதிரி வழக்கை நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்களா? இந்த ஃபீஸில் என்னென்ன அடங்கும், ஹியரிங் தனியா? என் வழக்கில் பலவீனம் எது? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். "கண்டிப்பாக ஜெயித்துவிடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். வழக்குச் செலவுக்கு என்று நம் பணத்தைப் பாரிஸ்டர் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதும் அங்கே விதி.

தமிழ் பேசுகிறவர்தான் வேண்டும் என்று பலர் தேடுகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரியும், மனக்கஷ்டத்தை நம் பாஷையில்தான் கொட்ட முடியும். ஆனால் அப்பீலை விசாரிக்கிற ட்ரிப்யூனலில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாகத் தருவார்கள். தினம் உங்கள் மாதிரி வழக்கைப் பார்க்கிறவரா என்பதை முதலில் பாருங்கள், தமிழ் அதற்கு அப்புறம். கையில் காசே இல்லை என்றால் இலவச ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸ், பக்கத்து லா சென்டர் இரண்டிலும் கேளுங்கள். பாரிஸ்டர்கள் இலவசமாக உதவ 'அட்வகேட்' என்ற பெயரிலேயே ஓர் அறக்கட்டளையும் இருக்கிறது.

வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, பாரிஸ்டர் வைக்கலாமா என்று கேட்ட தங்கைக்கு: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தை 30 நாளுக்குள் ஒரு டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் சேர்த்திருக்க வேண்டும். எந்தத் திட்டம் என்று பார்த்து அவர்களிடமே புகார் கொடு, தீர்த்துவைக்கக் காசு வாங்க மாட்டார்கள். சேர்க்கவே இல்லை என்றால் சொல், அது வேறு வழி.

புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் போகிறவர்கள் இதை வைத்துக் குழம்ப வேண்டாம். அங்கே பாரிஸ்டர், சொலிசிட்டர் பிரிவு இல்லை, வழக்குக்கு அவொக்கா என்ற ஒரே வக்கீல்தான். வீடு வாங்க, விற்க, வாரிசுச் சொத்துக்கு நொத்தேர், அது உங்கள் தாத்தா பாட்டிக்கே பழகின சொல். 2015 முதல் அவொக்கா ஃபீஸை எழுத்து ஒப்பந்தமாகப் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

கடலூர் நிலத்துக்குப் பவர் எழுத லண்டனில் யாரைப் பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பாரிஸ்டருக்கு அதில் வேலை இல்லை. முதலில் இங்கே உள்ள வக்கீலிடம் வாசகத்தை எழுதி வாங்குங்கள். சர்வே எண், எல்லை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னாலோ கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.