ஃபைல்ஸ்ல டிஸ்க் தெரியுது, ஆடாசிட்டில மட்டும் தெரியல (உபுண்டு 24.04)

மயிலைகேசட்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மண்டைய பிச்சுக்கிட்டு இருக்கேன், யாராவது வழி சொல்லுங்க.

எங்க அப்பா எண்பதுகள்லேந்து மார்கழி கச்சேரிங்க, ரேடியோல வர்ற கச்சேரிங்கன்னு கேசட் கேசட்டா ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தார், மொத்தம் 140 இருக்கும். எங்க அண்ணன் அதையெல்லாம் ஒண்ணொண்ணா ஓட விட்டு வேவ் ஃபைலா மாத்தி ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்தான். மயிலாப்பூர் வீட்ல ஈரம் ஜாஸ்தி, கேசட்ல பாதிக்கு மேல பூஞ்சை பிடிச்சு போச்சு, அதனால இப்ப அந்த டிஸ்க்ல இருக்கறது மட்டும்தான் மிச்சம், வேற காப்பி கிடையாது.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, என் பழைய கம்ப்யூட்டர்ல 11 ஏறாதுன்னு சொல்லிடுச்சு, அதனால உபுண்டு 24.04ன்னு ஒரு லினக்ஸ் போட்டுட்டேன். ஆப் சென்டர்ல, ஆடியோ எடிட் பண்ற ஆடாசிட்டிய தேடி இன்ஸ்டால் பண்ணேன். டிஸ்க்கை சொருகினா, ஃபோல்டர் பாக்கற ஃபைல்ஸ் ஆப்ல உடனே வருது, ஃபோல்டர் எல்லாம் தெரியுது, டபுள் க்ளிக் பண்ணா பாட்டும் ஓடுது. ஆனா ஆடாசிட்டிக்குள்ள போய் ஓப்பன் குடுத்தா டிஸ்க்கே தெரியல, பாத்தை கையால அடிச்சா பெர்மிஷன் டினைடுன்னு வருது.

நானா ட்ரை பண்ணது: டெர்மினல்ல, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுக்கற சிஹெச்மாட் 777 போட்டேன், ஒண்ணும் மாறல. சுடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்தோட, ஆடாசிட்டிய திறந்தேன், அதே கதை. ஹோம் ஃபோல்டருக்குள்ள டிஸ்க்குக்கு ஒரு லிங்க் போட்டேன், லிங்க் தெரியுது, உள்ள போக முடியல. பக்கத்துல ஒரு சர்வீஸ் கடையில கேட்டதுக்கு டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி லினக்ஸுக்கு மாத்தினாத்தான் சரியாகும்னுட்டார், அதைக் கேட்டதுலேந்து எனக்கு தூக்கமே இல்ல. உண்மையா ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணுமா?

---

பெரம்பூர்டெர்மினல்

மேடம், முதல்ல ஒண்ணு. ஃபார்மேட் பண்ணாதீங்க, யார் சொன்னாலும் பண்ணாதீங்க. உங்க டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல, ஃபைல்ஸ்ல திறந்து பாட்டு ஓடுதுன்னா லினக்ஸோட மையமான கெர்னல் டிஸ்க்கை ஒழுங்கா மவுண்ட் பண்ணிடுச்சு, அதாவது இணைச்சிடுச்சுன்னு அர்த்தம். தடுக்கறது ஆடாசிட்டிய சுத்தி இருக்கற வேலி.

ஆப் சென்டர்ல தேடினா முதல்ல வர்றது ஸ்னாப் பேக்கேஜ்தான், அதாவது ஆப்பை ஒரு வேலிக்குள்ள அடைச்சு தர்ற வகை. பெரும்பாலான ஸ்னாப் ஆப்புக்கு ஆப்ஆர்மர்னு ஒரு காவல்காரன் வாசல்ல நிப்பான், இந்த ஆப் எந்த ஃபோல்டரை தொடலாம்னு அவன்கிட்ட ஒரு லிஸ்ட் இருக்கும். உங்க ஹோம் ஃபோல்டர் அந்த லிஸ்ட்ல தானாவே இருக்கும், வெளி டிஸ்க் பல ஆப்புக்கு இருக்காது, நாமதான் சேர்க்கணும். ஃபைல்ஸ் இந்த வேலிக்குள்ள இல்ல, அதனால அதுக்கு எல்லாம் தெரியுது. இதை உறுதி பண்ணிக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, ஒரே ஒரு வேவ் ஃபைலை ஹோம்ல இருக்கற மியூசிக் ஃபோல்டருக்கு காப்பி பண்ணிட்டு அங்கேந்து ஆடாசிட்டில திறங்க, திறந்துச்சுன்னா நான் சொல்றதுதான்.

நீங்க பண்ண மூணும் ஏன் வேலை செய்யலன்னு தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவை உதவும். விண்டோஸ்ல பயன்படுத்தின டிஸ்க்குன்னா பெரும்பாலும் விண்டோஸோட ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்ஸா இருக்கும், அப்படி தானா மவுண்ட் ஆகற டிஸ்க்ல யாருக்கு என்ன அனுமதின்றது மவுண்ட் ஆகும்போதே முடிவாயிடும், அதுக்கப்புறம் 777 போட்டாலும் பிரயோஜனம் இல்ல. சுடோ போட்டாலும் ஆப்ஆர்மர் விடாது, அது யார் ஓட்டறாங்கன்னு பாக்காம எந்த ஆப்னு பாக்குது. லிங்க் போட்டா, அது எங்க போய் முடியுதோ அந்த நிஜ பாத்தைத்தான் அது பாக்கும், அது மீடியா ஃபோல்டர்ல இருக்கு, கதவு சாத்தியாச்சு.

இப்ப சரி பண்ற வழி. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆடாசிட்டின்னு போனா ரிமூவபிள் ஸ்டோரேஜ்ல படிக்க எழுத அனுமதின்னு ஒரு சுவிட்ச் இருக்கும், ஆன் பண்ணுங்க. இல்லன்னா டெர்மினல்ல சுடோ ஸ்னாப் கனெக்ட் ஆடாசிட்டி:ரிமூவபிள்-மீடியா. மொபைல்லேந்து எழுதறதால தமிழ்ல உச்சரிப்பா போடறேன், நீங்க இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, கோலனுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஸ்பேஸ் விடாதீங்க. அப்புறம் ஆடாசிட்டிய முழுசா மூடிட்டு திறங்க. கனெக்ட் ஆச்சான்னு பாக்க ஸ்னாப் கனெக்ஷன்ஸ் ஆடாசிட்டின்னு போட்டா வரிசையா காட்டும், ரிமூவபிள்-மீடியாவுக்கு நேரா வெறும் கோடு இருந்தா இன்னும் கனெக்ட் ஆகலன்னு அர்த்தம்.

---

வேளச்சேரிபென்குயின்

எதுக்கு இவ்ளோ சுத்தணும்? ஸ்னாப்பை தூக்கிட்டு, உபுண்டுவோட வழக்கமான பேக்கேஜ் முறையான ஏபிடிலேந்து ஆடாசிட்டி போட்டா வேலி கீலி எதுவும் இல்லாம டிஸ்க் நேரா தெரியும். நான் எல்லா மெஷின்லயும் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

---

பெரம்பூர்டெர்மினல்

அதுவும் வேலை செய்யும் தம்பி, தப்புன்னு சொல்லல. ஆனா அவங்க லினக்ஸுக்கு புதுசு, ஒரு சுவிட்ச் தட்டினா முடியற வேலைக்கு பேக்கேஜை மாத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. வேலி இருக்கறதும் காரணமாத்தான், நெட்லேந்து எறக்கற எல்லா ஆப்பும் பென் டிரைவ்ல இருக்கற ஆதார் காப்பி வரைக்கும் படிக்கணும்னு அவசியம் இல்லியே. எந்த ஆப்புக்கு வேணுமோ அதுக்கு மட்டும் திறந்து விடறது நல்லதுதான்.

---

தாம்பரம்ஃபெடோரா

இதே பிரச்சனை, ஸ்னாப் மாதிரியே வேலி போட்டு வர்ற ஃப்ளாட்பேக்லயும் வரும், பின்னாடி யாராவது தேடிட்டு வருவாங்கன்னு எழுதி வெக்கறேன். ஃப்ளாட்பேக் ஆப் சிலது ஹோம் அனுமதியோட மட்டும் வரும், அப்ப வெளி டிஸ்க் தெரியாது. ஃப்ளாட்சீல்னு ஒரு ஆப் இருக்கு, அதை போட்டு ஆப் பேரை தேர்ந்தெடுத்து ஃபைல்சிஸ்டம் பகுதியில அதர் ஃபைல்ஸ்ல டிஸ்க் மவுண்ட் ஆகற பாத்தை சேர்த்தா போதும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க: உபுண்டு, டெபியன்ல டிஸ்க் மீடியா ஃபோல்டருக்குள்ள உங்க யூசர் பேர்ல மவுண்ட் ஆகும், ஃபெடோரா, ஆர்ச்ல ரன் ஃபோல்டருக்குள்ள இருக்கற மீடியாவுல. உபுண்டுக்கு எழுதின குறிப்பை பாத்து ஃபெடோராவுல அதே பாத்தை போட்டுட்டு வேலை செய்யலன்னு நானே ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணு, சில ஃப்ளாட்பேக் ஆப்ல ஓப்பன் விண்டோ வழியா போனா டிஸ்க் தெரியும், ஆனா ஃபைலை இழுத்து போட்டா திறக்காது. ஏன்னா அந்த ஓப்பன் விண்டோவ காட்டறது போர்ட்டல், அது வேலிக்கு வெளிய இருக்கு, நீங்க தேர்ந்தெடுத்த அந்த ஒரு ஃபைலை மட்டும் ஆப் கையில குடுக்கும். அதனாலதான் படத்தை திறந்தா பக்கத்துலயே இருக்கற சப்டைட்டில் ஃபைல் தானா ஏறாது, ஆப்புக்கு அந்த ஃபோல்டரே தெரியாது.

---

மயிலைகேசட்

பெரம்பூர் சார், ரொம்ப ரொம்ப நன்றி. சுவிட்ச் ஆன் பண்ணிட்டு திறந்தேன், டிஸ்க் வந்துடுச்சு! அப்பாவோட ஃபோல்டர் வரிசையா தெரிஞ்சப்ப கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா இன்னொரு சிக்கல். ஒரு கச்சேரியில ஆரம்பத்துல வர்ற இரைச்சலை கம்மி பண்ணிட்டு ப்ராஜெக்டை அதே டிஸ்க்ல சேவ் பண்ணப் போனா முடியல, ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்னு வருது. ஃபைல்ஸ்லயும் புது ஃபோல்டர் போட முடியல. நேத்து அண்ணன் வீட்ல விண்டோஸ்ல போட்டு பாத்துட்டு எடுத்துட்டு வந்தேன், அதுக்கப்புறம்தான் இப்படி. இதுவும் அந்த வேலிதானா?

---

பெரம்பூர்டெர்மினல்

இல்லம்மா, இது வேற. ஃபைல்ஸ்லயும் எழுத முடியலன்னா ஸ்னாப்புக்கு சம்பந்தமே இல்ல. அண்ணன் வீட்ல சேஃப்லி ரிமூவ் குடுக்காம பிடுங்கியிருப்பீங்க, இல்லன்னா டிஸ்க் சொருகி இருக்கும்போதே கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணியிருப்பாங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு ஆன்ல இருந்தா ஷட் டவுன் குடுத்தாலும் அது முழுசா மூடாது, பாதி தூக்கத்துலதான் போகும், டிஸ்க்கோட கணக்கையும் முடிக்காம வெச்சிருக்கும். லினக்ஸ்ல இந்த டிஸ்க்கை மவுண்ட் பண்ற என்டிஎஃப்எஸ்-3ஜின்ற டிரைவர் அதை பாத்துட்டு, இதுல நான் எழுதினா கெட்டுடும்னு படிக்க மட்டும் விடுது. உங்க டிஸ்க்கை காப்பாத்தத்தான் அப்படி பண்ணுது.

இப்ப அவசரப்பட்டு எதுவும் ரிப்பேர் பண்ணாதீங்க. படிக்க முடியுதுல்ல, இந்த நேரத்தை பயன்படுத்தி மொத்தத்தையும் உங்க கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. சிடி தரத்துல ஒரு 90 நிமிஷ கேசட் கிட்டத்தட்ட 950 எம்பி, 140 கேசட்டும் சேர்ந்தா 135 ஜிபிக்குள்ள அடங்கிடும். அது முடிஞ்சப்புறம் டிஸ்க்கை அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் விண்டோஸ்லயே, டிஸ்க்கை சோதிச்சு சரி பண்ற செக்டிஸ்க் ஓட்டிட்டு, சேஃப்லி ரிமூவ் குடுத்துட்டு எடுங்க, இங்க எழுத விடும். அங்க ஷட் டவுன் பண்ணும்போது ஷிஃப்ட் கீய அமுக்கிட்டே பண்ணா முழுசா மூடும். லினக்ஸ்லயே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்குன்னு யாராவது சொல்வாங்க, அது சில அடிப்படை கோளாறை மட்டும் சரி பண்ணி, முடிக்காத கணக்கை (ஜர்னல்) அழிக்கும், செக்டிஸ்க் மாதிரி உள்ள இருக்கற பழுதை முழுசா பாத்து சரி பண்ணாது. வேற காப்பி இல்லாத டிஸ்க்ல அதை முதல் வேலையா ஓட்ட நான் சொல்லவே மாட்டேன்.

---

நங்கநல்லூர்ஸ்பூல்

நானும் கேசட் வேலை பாக்கறவன்தான், அதனால ஒரு விஷயம். ஆடாசிட்டி ப்ராஜெக்டை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல வெச்சு எடிட் பண்ணாதீங்க. ஆடாசிட்டி 3.0லேந்து ப்ராஜெக்ட் மொத்தமும் ஏயுபி3ன்னு ஒரே ஃபைல்தான், உள்ள இருக்கறது எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், நீங்க வெட்டறது ஒட்டறது எல்லாம் அப்பப்ப அதுல எழுதிக்கிட்டே இருக்கும். நடுவுல யூஎஸ்பி கேபிள் கொஞ்சம் லூஸாகி டிஸ்க் ஒரு வினாடி போய்ட்டு வந்தா மொத்த ப்ராஜெக்டும் மாட்டிக்கும். கம்ப்யூட்டர் உள்ள இருக்கற டிஸ்க்ல எடிட் பண்ணி முடிச்சு, வேவ் இல்லன்னா தரம் குறையாம சுருக்கற ஃப்ளாக்கா எக்ஸ்போர்ட் பண்ணி, அதை வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க.

பென் டிரைவ்ல போட்டு யாருக்காவது குடுக்கணும்னா அது ஃபேட்32ன்ற பழைய ஃபார்மேட்டான்னு பாத்துக்கோங்க, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. ஆடாசிட்டி வழக்கமா 32 பிட்ல வேலை செய்யும், ஸ்டீரியோ 44.1ல நிமிஷத்துக்கு 21 எம்பி ஆகும், மூணு மணி நேர கச்சேரி ப்ராஜெக்ட் அப்பவே 3.8 ஜிபிய தொட்டுடும், ஒரே ஒரு தடவை இரைச்சல் எடுத்தாலும் தாண்டிடும். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல அந்த தொல்லை இல்ல, லினக்ஸ் கெர்னல்ல 5.4லேந்து அதுக்கு சப்போர்ட் இருக்கு.

---

வேளச்சேரிபென்குயின்

நடுவுல என் கேள்வி ஒண்ணு, தனி த்ரெட் போட சோம்பல் இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது. என் ஜெல்லிஃபின் (வீட்ல படம், பாட்டு ஓட விடற மீடியா சர்வர்) ஏபிடில போட்டதுதான், ஸ்னாப் இல்ல, ஆனா அதுக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் தெரியல.

---

தாம்பரம்ஃபெடோரா

அது வேலி இல்ல, யூசர் விஷயம். ஜெல்லிஃபின் உங்க பேர்ல ஓடாது, ஜெல்லிஃபின்னு அதுக்குன்னு ஒரு யூசர் இருக்கு. மீடியாவுக்குள்ள உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர் ரூட்டுக்கு (அட்மின் யூசர்) சொந்தம், உள்ள போக உங்களுக்கு மட்டும் தனியா அனுமதி குடுத்திருக்கும், மத்த யூசர் வாசலையே தாண்ட முடியாது. அனுமதி லிஸ்டை காட்டற கெட்எஃப்ஏசிஎல் போட்டு பாத்தா தெரியும். எப்பவும் சொருகியே இருக்கற டிஸ்க்னா பூட் ஆகும்போது எதை எங்க மவுண்ட் பண்ணணும்னு எழுதற எஃப்எஸ்டாப் ஃபைல்ல, டிஸ்க்கோட அடையாள எண்ணான யூயூஐடி போட்டு எம்என்டி ஃபோல்டருக்குள்ள மவுண்ட் பண்ணிடுங்க, ஸ்னாப்போட ரிமூவபிள்-மீடியா அனுமதிக்கும் அந்த இடம் உட்பட்டதுதான், நாளைக்கு ஸ்னாப் ஆப் வந்தாலும் பிரச்சனை இல்ல. அதே வரியில நோஃபெயில்ன்ற ஆப்ஷனையும் மறக்காம போடுங்க, இல்லன்னா டிஸ்க் சொருகாம ஆன் பண்ற அன்னைக்கு பூட் ஆகாம எமர்ஜென்சி மோட்ல போய் நிக்கும்.

---

மயிலைகேசட்

சொன்ன மாதிரியே பண்ணேன். காப்பி முடிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரே ஒரு ஃபைல் மட்டும் இன்புட் அவுட்புட் எர்ரர்னு நிக்குது, 88வது கேசட்டோட பி பக்கம், மத்ததெல்லாம் வந்துடுச்சு. எண்ணிக்கையும் சைஸும் ரெண்டு பக்கமும் சரி பாத்துட்டேன். அந்த ஒண்ணை என்ன பண்றது?

---

பெரம்பூர்டெர்மினல்

கேபிளை மாத்துங்க, ஹப் இருந்தா எடுத்துட்டு கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கற போர்ட்ல நேரா சொருகுங்க, முன்பக்க போர்ட் சிலதுல கரண்ட் பத்தாது. அப்புறம் அந்த ஒரு ஃபைலை மட்டும் காப்பி பண்ணுங்க. அப்பவும் அதே எர்ரர் வந்தா கெர்னல் எழுதற குறிப்பை காட்டற சுடோ டிஎம்இஎஸ்ஜி (எழுத்து எழுத்தா அடிங்க) கமாண்டோட கடைசி வரிங்களை இங்க போடுங்க. அதுல மீடியம் எர்ரர்னு இருந்தா டிஸ்க்லயே அந்த இடம் பழுதாக ஆரம்பிச்சிருக்கு, அப்ப செக்டிஸ்க் வேண்டாம், பழுதான டிஸ்க்லேந்து முடிஞ்சதை மீட்கற டிடிரெஸ்க்யூ வெச்சு பாக்கலாம், நான் கூட இருக்கேன். 88வது கேசட்ல பூஞ்சை எவ்ளோ இருக்குன்னும் எடுத்துப் பாருங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.

---

மயிலைகேசட்

கேபிள்தான் சார்! வேற கேபிள் போட்டு பின்பக்கம் சொருகினேன், 88 பி வந்துடுச்சு. இன்னைக்கே அண்ணனுக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுக்கறேன், செக்டிஸ்க் ஞாயித்துக்கிழமை அவன் வீட்ல.